மாவின் மேல் போட்ட சிலுவை

சமையல் வேலைக்குப் போவதற்காக என் அம்மா முதலில் செய்த காரியம், விரல்கள் வெளுக்கட்டும் என்று காத்திருந்ததுதான். அதுவரை அவள் பண்ருட்டிப் பாதையில் ஒரு கொட்டகையில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைத் தின்றுவிடும். எவ்வளவு சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் விரல் நுனிகள் கறுத்து, வெடித்து, உரிந்துகொண்டே இருக்கும். சோற்றைப் பிசைந்தால் எரியும். சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப்பில் பெருக்கும் வேலைக்குப் போய்வந்த பக்கத்துத் தெரு அத்தைதான் ஒரு குவார்ட்டர்ஸில் சமைக்க ஆள் தேடுகிறார்கள் என்று வந்து சொன்னாள். சொன்ன கையோடு அம்மாவின் விரல்களைப் பார்த்துவிட்டு, “இந்தக் கையோட போனா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க” என்றாள்.

அம்மா மறுநாளே கொட்டகைக்குப் போவதை நிறுத்தினாள். தேங்காய் எண்ணெயைத் தடவித் தடவி, புளியைப் போட்டுத் தேய்த்து, பழைய தோல் முழுக்க உரிந்த பிறகுதான் எங்கள் ஊரான வடக்குத்திலிருந்து கிளம்பி டவுன்ஷிப்புக்குப் போனாள். “இனிமே செத்தாலும் அந்தக் கொட்டகைப் பக்கம் போவமாட்டேன்” என்று என்னிடம் சொன்னாள். நான் அப்போது ப்ளஸ் ஒன் சேர்ந்திருந்தேன். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அடியில் அந்த வார்த்தைதான் கிடந்தது.

அந்த வீட்டில் மூன்று பேர். சார் என்ஜினியர், ஷிப்டில் வேலை. மேடத்துக்கு ஆபீஸில் பெர்மனென்ட் வேலை, தினமும் காலை முதல் மாலை வரை. மூன்றாவது ஆள் சாரின் அம்மா. என் அம்மா அவரைப் பெரியம்மா என்று கூப்பிட்டாள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த சைவக் குடும்பம். சாருக்கு முதல் ஷிப்ட் வரும் வாரத்தில் விடியும் முன் டிபனும் கேரியரும் தயாராக வேண்டும். அதை மேடம்தான் செய்துகொண்டிருந்தார். செய்துவிட்டு மாமியாருக்கு மதியச் சாப்பாட்டையும் மூடி வைத்துவிட்டுத் தானும் வேலைக்கு ஓடுவார். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் ஸ்கூட்டரோடு விழுந்த பிறகுதான் ஆள் வைக்கலாம் என்ற பேச்சே வந்தது. பெரியம்மா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். கவுச்சி சாப்பிடாதவளாக, நம் சாமியைக் கும்பிடுகிறவளாக இருக்க வேண்டும். அப்படி ஒருத்தி கிடைக்காவிட்டால் மருமகள் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கட்டும். அங்கே ஒரு பெண்ணின் வேலை இன்னொரு பெண்ணின் வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. சாரின் வேலை மட்டும் எதிலும் தொங்கவில்லை.

சமையலின் கதையை அடுப்பை வைத்துச் சொல்வது வழக்கம். விறகு போய்க் கரி வந்தது, கரி போய் கேஸ் வந்தது என்று. எங்கள் பக்கத்தில் அதை ஷிப்டை வைத்துத்தான் சொல்ல வேண்டும். ஆண்கள் போகிற நேரத்துக்கு உலை கொதித்தது, திரும்புகிற நேரத்துக்கு ரசம் சுட்டது. அம்மி போய் மிக்ஸி வந்தது. எங்கள் வீட்டுக்கே அரசாங்கத்தின் இலவச கிரைண்டர் வந்துவிட்டது. அடுப்புக்கு முன்னால் நிற்கிற ஆள்தான் மாறவில்லை. மிஞ்சிப்போனால் ஒரு பெண் நகர்ந்து இன்னொரு பெண்ணுக்கு இடம் விட்டாள். என் அம்மா ஊரார் வீட்டில் சமைத்தபோது எங்கள் வீட்டில் சமைத்தது நான். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த அப்பா தண்ணீர் தூக்குவார், வீடு பெருக்குவார், துணிகூடத் துவைப்பார். அடுப்பு என்றால் மட்டும், “எனக்கு உப்பு போட வராது” என்பார், உப்புப் போடுவதற்கு ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு வரவேண்டும் என்பதுபோல.

நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்கள் கோயிலில் பொட்டு வைக்கிற பெண்களும் உண்டு, அம்மா வைக்க மாட்டாள். அந்த வீட்டுக்காக வைத்தாள். டவுன்ஷிப் எல்லையில் சைக்கிளை நிறுத்தி ஒட்டுப்பொட்டை வைத்துக்கொள்வாள், திரும்பும்போது உரித்து ஹேண்டில்பாரில் ஒட்டிவிடுவாள். தாலியில் சிலுவை இருந்ததால் அதை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். பெயர் கேட்டதற்குப் பக்கத்து வீட்டுக்காரியின் பெயரைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போக ஒரு காரணம் தேவைப்பட்டது. வாராவாரம் மாமியாரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டும் என்றாள். அப்பாவின் அம்மா செத்து வெகு காலம் ஆகியிருந்தது. பெரியம்மா அந்தக் கிழவியின் உடம்பு எப்படி இருக்கிறது என்று அக்கறையாக விசாரிப்பார். ஒரு பொங்கலுக்கு அவளுக்கென்று பழைய புடவை ஒன்றைக்கூடக் கொடுத்தனுப்பினார். நாங்கள் சிரித்தோம், ஆனால் அந்தச் சிரிப்பில் பயம் இருந்தது. ஒவ்வொரு நாளும் அம்மா வீடு திரும்பி முகம் கழுவும் வரைக்கும் எனக்குப் படிப்பு ஓடாது.

இப்படியே ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓடியது. எனக்கு ப்ளஸ் டூ பரீட்சை வந்தது.

மாவு ஆட்டி உப்புப் போட்டுக் கரைத்ததும், மூடுவதற்கு முன் அதன் மேல் விரலால் ஒரு சிலுவை போடுவது எங்கள் பெண்களின் பழக்கம். அதற்கு மந்திரம் எதுவும் கிடையாது. மாவு நன்றாகப் பொங்கட்டும், சாப்பிடுகிறவர்கள் நன்றாக இருக்கட்டும், அவ்வளவுதான். அந்த வீட்டில் மாவைக் கரைத்து முடித்ததும் அம்மா கையை உடனே தண்ணீரில் முக்கிவிடுவாளாம், விரல் தானாக எதையாவது செய்துவிடப் போகிறதே என்று. பரீட்சை தொடங்குவதற்கு முந்தின மாலை அவள் மனம் முழுக்க என்மேல் இருந்தது. ஆட்டினாள், கரைத்தாள், மூடினாள், வந்துவிட்டாள்.

வீட்டில் செபமாலை சொல்ல உட்கார்ந்தோம். சிலுவை போட நெற்றிக்குப் போன அவள் கை அப்படியே நின்றது.

“இன்னாம்மா?” என்றேன்.

“அங்க மாவுல போட்டுட்டேன்.”

அப்பாவுக்குப் புரியவில்லை. “உப்ப அதிகமா போட்டுட்டியா?” என்றார்.

“சிலுவ போட்டுட்டேங்க.”

இப்போது போய் என்ன சொல்லி மூடியைத் திறப்பது? மேடத்துக்குப் போன் பண்ணினால்தான் என்ன சொல்வது? சாருக்கு அந்த வாரம் முதல் ஷிப்ட். அம்மா எப்படியும் விடியும் முன் போக வேண்டும். யாரும் எழுவதற்குள் போய்க் கரண்டியால் ஒரு கலக்குக் கலக்கிவிட்டால் போதும். நீ படிக்க வேண்டும், வராதே என்றாள். நான் கேட்கவில்லை. சைக்கிளை நான் மிதித்தால் சீக்கிரம் போய்விடலாம்.

நான் மிதித்தேன். தூரத்தில் சுரங்கத்து விளக்குகள் எரிந்தன, கன்வேயரின் இரைச்சல் எப்போதும்போல் காதில் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “மெதுவா போ” என்றாள், உடனே “சீக்கிரம் போ” என்றாள். பொட்டை அவள் ஓடுகிற சைக்கிளிலேயே ஒட்டிக்கொண்டாள்.

பின்பக்கம் போனோம். சமையலறையில் விளக்கு எரிந்தது.

மேடம் ஒரு கையில் மூடியோடு நின்றிருந்தார். தூக்குப் பாத்திரத்தில் மாவு விளிம்பு வரை பொங்கியிருந்தது. அம்மா லேசாக இழுத்திருந்த கோடுகள் இரண்டும் மாவோடு சேர்ந்து எழும்பி, அகலமாக வெடித்து, அழகான பெரிய சிலுவையாக நின்றன. வேறு எதுவாகவும் அதை எடுத்துக்கொள்ள வழியில்லை.

“இது என்ன?” என்றார் மேடம்.

அம்மா வாயைத் திறப்பதற்குள் கூடத்திலிருந்து பெரியம்மாவின் வாக்கர் தரையில் உரசுகிற சத்தம் வந்தது. “மாவு பொங்கிடுத்தா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். மேடம் கரண்டியை எடுத்தார். அடிவரை விட்டு வேகமாகக் கலக்கினார். மாவு தூக்கின் வெளியே வழிந்தது.

“பொங்கிடுத்தும்மா. இட்லி ஊத்தப்போறா.”

வாக்கர் சத்தம் திரும்பிப் போகும் வரைக்கும் மேடம் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, “உன்னால என் வேலை போயிருக்கும், தெரியுமா? என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?” என்றார். அவருக்கும் எங்கள் பயம்தான்.

“இனிமே போடமாட்டேன் மேடம்” என்றாள் அம்மா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விஷத்தையா போட்டாள்? ஆனால் நான் இட்லித் தட்டில் எண்ணெய் தடவிக் கொடுத்தேன். அங்கிருந்தே பரீட்சைக்குப் போனேன்.

மேடம் மாமியாரிடம் சொல்லவில்லை. அவரை நல்லவர் என்று நினைத்தேன். இப்போதும் அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாரமே, “ஞாயித்துக்கிழமையும் வந்துடு, எனக்கும் ஒருநாள் தூங்கணும்” என்றார். அம்மா தயங்கினாள். “உன் மாமியாரை யார் குளிப்பாட்டுவான்னு நான் கேக்கல” என்றார் மேடம். அதற்குப் பிறகு அம்மா எதைச் சொல்வாள்? தவக்காலத்து ஞாயிறு ஒவ்வொன்றாகப் போனது. குருத்து ஞாயிறன்று நாங்கள் ஓலையோடு சுற்றி வந்தபோது அவள் அங்கே உருளைக்கிழங்கு வதக்கிக்கொண்டிருந்தாள். மாலையில் வந்து, கோயிலில் மந்திரித்த ஓலையை என் கையிலிருந்து வாங்கி வெகுநேரம் மடியில் வைத்திருந்தாள்.

பெரிய வியாழனன்று மேடம், “நாளைக்கு அவரோட தங்கச்சி குடும்பம் வராங்க. வடை, பாயசம் எல்லாம் பண்ணணும்” என்றாராம்.

“நாளைக்கு மட்டும் வேணாம் மேடம். எங்களுக்குப் பெரிய வெள்ளி.”

“அப்ப அம்மாகிட்ட என்ன சொல்றது? உண்மையச் சொல்லிடட்டுமா?”

அப்பா இதைக் கேட்டுவிட்டு, “ஒருநாள்தான? போயிட்டு வா. சாமி கோச்சிக்காது” என்றார். அம்மா தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்தில் அவை நன்றாகத் தேறியிருந்தன. நகக்கண்கூட வெளுத்திருந்தது. பிறகு, “அவங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டா, அப்புறம் என்னிய பயமுறுத்த அவங்ககிட்ட இன்னா இருக்கு?” என்றாள். அது எங்களிடம் கேட்ட கேள்வி இல்லை.

பெரிய வெள்ளியன்று எங்கள் பெண்கள் பூ வைக்க மாட்டார்கள், வெளுத்த புடவைதான் கட்டுவார்கள். அம்மா அப்படியே கிளம்பினாள். பொட்டு இல்லை. தாலி பழக்க தோஷத்தில் ரவிக்கைக்குள்ளேயே இருந்தது. நானும் போனேன். அன்றைக்கு முன்வாசல் வழியாகப் போனோம்.

பெரியம்மா கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து அம்மாவின் நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார். கீரை மடியிலிருந்து சரிந்தது. வாக்கரைத் தொடாமல் எழுந்து இரண்டெட்டு வைத்து அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“என்னடி இது கோலம்? எப்ப? மைன்ஸ்லயா?” என்றவர் அழுதுவிட்டார். “ஒரு போன் பண்ணக் கூடாதா? வயசுப் பொண்ண வச்சிண்டு என்னடி பண்ணுவ நீ?”

இதற்கு அம்மா தயாராக வரவில்லை. திட்டுவார் என்று நினைத்து வந்தவளைப் பிடித்துக்கொண்டு அவர் அழுதார். உள்ளேயிருந்து வந்த மேடம் ஒரு நொடியில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். “அவ வீட்டுக்குப் போகட்டும்மா. காரியமெல்லாம் முடிஞ்சு வரட்டும்” என்றார். சொல்லும்போதே அம்மாவைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார். சும்மா இரு, வாயைத் திறக்காதே. விடுமுறையும் கிடைக்கும், வேலையும் நிற்கும்.

என் அப்பா அந்த நேரத்தில் வீட்டு வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்திருப்பார்.

“அவரு நல்லா இருக்காருங்க பெரியம்மா” என்றாள் அம்மா. கைகளை இழுத்துக்கொள்ளாமல்தான் சொன்னாள். “இன்னிக்கு எங்களுக்குப் பெரிய வெள்ளி. நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்.”

பெரியம்மாவுக்குச் சட்டென்று விளங்கவில்லை. அம்மா ஒரு கையை மெதுவாக விடுவித்துத் தாலியை வெளியே எடுத்துக் காட்டினாள். பெரியம்மா அதைப் பார்த்தார். அம்மாவின் இன்னொரு கையையும் விட்டார். விட்ட தன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சநேரம் அந்தரத்திலேயே வைத்திருந்தார். புருஷன் செத்தவளைத் தொட முடிந்த கை, வேறு சாமி கும்பிடுகிறவளிடமிருந்து அப்படி விலகியதை நான் அருகில் நின்று பார்த்தேன். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

“சாமிக்குப் பொங்கல் எல்லாம் நீதானே வச்ச?”

“ஆமாங்க. குளிச்சிட்டுத்தான் வச்சேன்.”

பெரியம்மா அதன்பிறகு எங்களிடம் பேசவில்லை. மருமகளைப் பார்த்து, “நாளைலேர்ந்து லீவு போட்டுடு. அப்புறம் ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு வீட்டோட இரு” என்றார். மேடம் சுவரைப் பிடித்துக்கொண்டார். உள்அறை வாசலில் பேப்பரோடு நின்றிருந்த சார் எல்லாவற்றையும் கேட்டார். பேப்பரை மடித்தார், உள்ளே போய்விட்டார்.

திரும்பும் வழியில் அம்மா முதலில் அழுதாள். பிறகு திடீரென்று சிரித்தாள். “செத்த மாமியார உயிரோட வச்சிகினு இருந்தேன். உயிரோட கீற புருஷனையும் சாகடிக்கணுமா?” என்றாள். அன்றைக்குச் சிலுவைப்பாதையில் அவள் முழங்காலிட்டவள் கடைசிவரை எழவில்லை.

ஈஸ்டர் முடிந்ததும் அவள் கொட்டகைக்குப் போனாள். செத்தாலும் போகமாட்டேன் என்றவள், பழைய முறத்தையும் சாம்பல் டப்பாவையும் தேடி எடுத்துக்கொண்டு போனாள். சில நாட்களில் விரல்கள் கறுத்துவிட்டன. நான் சோற்றைப் பிசைந்து கொடுத்தால், வேண்டாம் என்று சொல்லாமல் வாயைத் திறந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிறகு ஒரு மாலையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. மேடம் இளைத்திருந்தார். நடுவில் வைத்த சமையல்காரிகள் பெரியம்மாவின் வாய்க்குப் பயந்து ஓடிவிட்டார்களாம். லீவு தீர்ந்துவிட்டதாம். உட்காரச் சொன்னோம், நின்றுகொண்டே பேசினார்.

“நான் எழுதிக் கொடுக்கல. கொடுக்கவும் மாட்டேன். நீ வா. அம்மாவை ஒத்துக்க வச்சுட்டேன். பூஜை ரூம் பக்கம் போகாத. மாவு நீ ஆட்ட வேணாம், கடையில பாக்கெட் மாவு வாங்கிக்கறோம்.”

“பாக்கெட் மாவ யாரு ஆட்டுனாங்கன்னு பெரியம்மா கேட்டாங்களா?” என்றாள் அம்மா.

மேடம் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கண்ணில் அம்மாவின் விரல்கள் பட்டன. வெகுநேரம் பார்த்தார். அம்மா மறைக்கவில்லை.

“கை இப்பிடித்தான் இருக்கும் மேடம். வெளுக்கற வரைக்கும் காத்துகினு இருக்க முடியாது. பொட்டு வைக்கமாட்டேன். ஞாயித்துக்கெழம முழுநாளும் வரமாட்டேன்.”

“ஞாயித்துக்கிழமை எனக்கு ட்ரெயினிங் போட்டிருக்காங்க. ரெண்டு மாசத்துக்கு. அன்னிக்கு யார் சமைக்கிறது?”

“வூட்ல மூணு பேரு கீறீங்களே” என்றாள் அம்மா.

அவள் திரும்பப் போனாள். பெருமையாக ஒன்றும் போகவில்லை. கொட்டகையிலிருந்து தப்பிக்கத்தான் போனாள். பெரியம்மா அவளோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வார், அம்மா சுவருக்குப் பதில் சொல்வாள். ஞாயிறு வந்தது. அம்மா எங்களோடு பூசைக்கு வந்தாள், முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை விடியற்காலையில் போனபோது ஞாயிற்றுக்கிழமைப் பாத்திரங்கள் அத்தனையும் தொட்டியில் அவளுக்காகக் கிடந்தன. மேலே தோசைக்கல். அதில் ஏதோ ஒன்று தீய்ந்து, கரியாகி, கல்லோடு கல்லாக ஒட்டியிருந்தது. அம்மா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வாக்கர் வந்து நின்றதாம். பெரிய வெள்ளிக்குப் பிறகு முதன்முறையாகப் பெரியம்மா அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

“என் புள்ளைய அடுப்புகிட்ட நிக்க வச்சுட்டியேடி.”

அம்மா தரையில் உட்கார்ந்து, கறுத்த விரல்களால் அந்தக் கல்லைச் சுரண்டத் தொடங்கினாளாம். எண்ணெய்ப் புண்ணில் சோப்பு பட்டு எரிந்தது என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். சொல்லிவிட்டு, “எவ்ளோ நேரம் ஆனாலும் ஆவட்டும்னு சொரண்டுனேன்” என்றாள்.